வளையக் கூடாத முதுகு

அத்தியாயம் 17

காலை எடு. இப்போதே எடு. அந்தக் காலை அங்கிருந்து எடுத்துவிடு.

அனுசுயா அதை மனதுக்குள்தான் சொன்னாள். பொங்கி வந்த பாலை ஊதி அடக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

கூடத்துப் பாயில் பக்கத்து வீட்டுக் கமலம் குப்புறப் படுத்திருந்தாள். அனுசுயாவின் கணவன் டில்லிபாபு ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வலது காலை அவள் இடுப்பின் மேல் வைத்து மேலிருந்து கீழாக மூன்று முறை நீவினான்.

"மெதுவா நைனா! உசுரு போவுது."

"போவாது யக்கா. போச்சுன்னா நானே திரும்பி இட்டாறேன். வெறும் வயித்துலதான வந்த?"

"பச்சத்தண்ணி பல்லுல படல."

"அப்போ சரி. எழுந்து குனிஞ்சு பாரு."

கமலம் எழுந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். "உட்டுச்சு நைனா! உன் கால்ல இன்னாதான் வெச்சு அனுப்சானோ கடவுள்."

டில்லிபாபு சிரித்தான். அனுசுயா நின்ற பக்கம் திரும்பாமல் சிரித்தான்.

அவன் காலால் பிறந்தவன். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவர்கள் காலால் தொட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்று திருமுல்லைவாயிலில் அந்தத் தெருவே நம்பியது. பாடியில் அவன் வேலை பார்க்கும் லேத் பட்டறையிலும் ஷிப்ட் முடிந்ததும் இரண்டு பேராவது அவன் முன்னால் குனிந்து நிற்பார்கள். ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டான். வாங்கினால் பலிக்காதாம்.

கமலம் போகிற போக்கில் ஜன்னலோரம் எட்டிப் பார்த்தாள். தரையில் ஒற்றைப் போர்வை மேல் மகள் அகல்யா மல்லாந்து படுத்திருந்தாள். "இன்னாடி, வெயில் ஏறியும் படுத்துகினு கீற? கரணம் போடப் போவல?"

"லீவு அத்தை."

"கரணத்துக்குக் கூடவா லீவு உடறாங்கோ?"

அகல்யா விட்டத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வயது. ஒரே வருஷத்தில் மடமடவென்று வளர்ந்துவிட்டாள். அந்தப் போர்வைக்கு வெளியே பாதங்கள் நீண்டு கிடந்தன.

போன வியாழக்கிழமை ஸ்கேன் படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்னது, ஆறு வருஷமாக ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய அந்தப் பெண்ணுக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை. அடிமுதுகு எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். பின்னால் வளைந்து வளைந்து வந்தது. மூன்று மாதம் வளையக் கூடாது, குதிக்கக் கூடாது. அசட்டையாக விட்டால் எலும்பு நழுவும். நழுவினால் கால் மரத்துப்போகும். பிறகு அவர் பேனாவை மூடிக்கொண்டு கேட்டார்: "வலின்னு சொல்லி ரெண்டு மாசம் ஆச்சுன்றீங்க. இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

அனுசுயா அங்கே தலையைக் குனிந்துகொண்டாள். என்ன என்று சொல்வாள்? இரண்டு மாதமும் விடிந்தால் வெறும் வயிற்றில் பிள்ளையைப் பாயில் படுக்கவைத்து, அப்பனைக் காலால் நீவச் சொன்னோம் என்றா?

அவனாக வரவில்லை. "சுளுக்குதாங்க. நீங்களே ஒரு தடவ கால வெச்சு உடுங்க" என்று முதல் நாள் அவனை எழுப்பிக் கூட்டி வந்தவள் அவள்தான். அதை அவனும் சொல்லிக் காட்டவில்லை. அவளும் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து இருவருக்கும் நடுவில் அது ஒரு மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் சுளுக்கென்று வருகிறவர்களுக்கு அவன் கால் வைப்பதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று அவளுக்குத் தெரியும். நிறுத்தினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

---

தட்டில் இட்லியோடு உட்கார்ந்ததும் டில்லிபாபு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். பட்டறையில் வேலை அட்டையின் பின்பக்கம், ஆளுக்கொரு கையெழுத்தில் கிறுக்கியிருந்தது.

"நம்ப பசங்க எல்லாம் சேந்து போட்டுக் குட்த்த லிஸ்ட்டு. ரெண்டாவது கேம் எது பெஸ்ட்டுன்னு. அகலு, கேளு. செஸ்ஸு."

"அது உக்காந்து ஆடறது. மூணு மணி நேரம் உக்காந்தா வலிக்கும்ப்பா."

"கேரம்."

"அப்பா!"

"சரி சரி, மொறைக்காத. சிலம்பம்."

"இடுப்ப சுத்தணும்."

"நீச்சலு."

அகல்யா அம்மாவைப் பார்த்தாள். நீச்சல் போகலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். மூன்று மாதம் கழித்து.

"மூணு மாசம் ஆவும்" என்றாள் அனுசுயா.

"அத்த நான் கோடு போட்டு அட்ச்சிட்டேன் பாரு" என்று டில்லிபாபு காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். "கடைசீல ஒண்ணுதான் கீது. வாலிபாலு. நாளிக்கு விளையாட்டு விடுதி செலக்சன். ஏழாவதுக்கு இந்த வருசம் உட்டா அப்பாலிக்கு எடுக்க மாட்டான். இவ ஒயரத்துக்குக் கண்ண மூடிகினு எடுப்பாங்கன்னு அந்த வாலிபாலு கோச்சம்மா சொல்லிச்சாம்."

"வாலிபால்ல குதிக்கணும்ங்க."

"இன்னாமே நீ, எதச் சொன்னாலும் குறுக்க கால நீட்டிகினு."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. இட்லியைப் பிட்டவன் வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து கை கழுவினான்.

---

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு வயர்க் கட்டு பின்னும் கம்பெனியில் அனுசுயாவுக்கு வேலை. மதியம் வரை நின்றுகொண்டே மஞ்சள், பச்சை, சிவப்பு வயர்களைப் பலகையில் கோத்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அகல்யாவை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் ஹேமநாதன் வரச் சொல்லியிருந்தார்.

அவருடைய ஜிம் ஒரு காலத்தில் கல்யாண மண்டபமாக இருந்தது. மணமேடை இருந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் ஏறி நடந்து பழகும் பீம் கட்டை. சாப்பாட்டுக் கூடத்தில் நீல மெத்தைகள். சுவரில் 'கை கழுவும் இடம்' என்ற எழுத்து இன்னும் அழியவில்லை. அதற்குக் கீழேதான் பிள்ளைகள் கைக்குச் சுண்ணாம்புப் பொடி தடவிக்கொள்வார்கள். மே மாத வெயிலில் தகரக் கூரை கொதித்தது.

அகல்யா உள்ளே நுழைந்ததும் நேராக மணமேடையில் ஏறி, பீம் கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் அவளைச் சுற்றி ஓடின. அவள் அவர்களுக்கு டீச்சர் மாதிரித் தெரிந்தாள்.

"அகல்யா அம்மா, வாங்க." ஹேமநாதன் மெல்லிய ஆள், குரலை உயர்த்தத் தெரியாதவர். "ஒளிக்காம சொல்லிடறேன். முதுகு சரியாகி வந்தாலும் இந்த உயரத்துக்கு இங்க பெருசா எதிர்பார்க்க முடியாது. வளர்ந்துட்டா. அது யார் தப்பும் இல்ல."

அனுசுயா தலையசைத்தாள்.

"போன வருஷமே சொன்னேன். ரெண்டாவதா ஒண்ணு சேத்துவிடுங்க, நீச்சலோ ஓட்டமோ, ஏதாவது. எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்றதுதான். ஒரே மாதிரி வளைஞ்சுகிட்டே இருந்தா ஒரே இடம் தேயும்."

"சொன்னீங்க சார்."

"'கவனம் சிதறிடும், இதையே ஒழுங்கா பண்ணட்டும்'னு நீங்கதான்..."

"ஆமாம் சார். நான்தான்."

அப்போது மாவட்டப் போட்டியில் அகல்யா பதக்கம் வாங்கிய புதிது. கழுத்தில் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மேடையில் நின்றபோது, தலைமையாசிரியை கைதட்டியபோது, அனுசுயாவுக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. தன் வாழ்க்கையில் எதையும் ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவள் அவள். டைப்ரைட்டிங்கைப் பாதியில் விட்டாள். பன்னிரண்டாவதுக்கு மேல் படிப்பை விட்டாள். பிள்ளையாவது ஒன்றைப் பிடித்தால் பிடித்தபடி நிற்கட்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசைதான் அந்த எலும்பில் போய் உட்கார்ந்துவிட்டது போல இப்போது தோன்றியது.

"இப்போ வாலிபால் போனா, சார்? முதுகு?"

ஹேமநாதன் மெத்தைகளைப் பார்த்தார். "பந்து அடிக்க வளையத்தான் செய்யணும். வளையாத ஆட்டம்னு எதைச் சொல்ல? ஆனா விடுதியில எடுத்துட்டாங்கன்னு வைங்க, அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். ஒரு மாசம் பெஞ்சுல உட்கார வைப்பாங்க. முதல்லயே சொன்னா உள்ளயே விட மாட்டாங்க."

மண்டபத்துக்குப் பின்னால் மண் தரையில் வலை கட்டி, கலைவாணி என்ற வாலிபால் கோச், பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்தாள். நாளைக்குச் செலக்சனுக்கு நான்கு பேரை அழைத்துப் போகிறவள் அவள்தான். ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்து அகல்யாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"விரல்ல சுண்ணாம்பு தடவிக்கோ. சுவத்துல கை எட்ற இடத்த தொடு. ம்... இப்ப நின்ன எடத்துலேந்து எகிறித் தொடு."

"எகிற வேணாம்" என்றாள் அனுசுயா.

அவள் குரல் போய்ச் சேர்வதற்குள் அகல்யா எகிறிவிட்டாள். முதல் சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே, நல்ல உயரத்தில், இரண்டாவது கோடு விழுந்தது. இறங்கினாள். முழங்கால் மடங்கி, நிமிர்ந்து, இரண்டு கைகளையும் விரித்து உயர்த்தி, முகம் நிறையச் சிரித்தாள்.

வலைக்குப் பக்கத்திலிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "யாருக்குடி வணக்கம் வெக்கறா?"

ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்குக் கரணத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது அது. இறங்கியதும் நிமிர வேண்டும். கை தூக்க வேண்டும். எங்கே எது வலித்தாலும் சிரிக்க வேண்டும். முகம் கோணினால் மதிப்பெண் போய்விடும். ஆறு வயதிலிருந்து பழகிய சிரிப்பு. இரண்டு மாதமாக வீட்டில் இந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான், "பரவால்ல, வலி கம்மியாயிருக்கு" என்று அனுசுயா நம்பிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இவ வேணும்" என்றாள் கலைவாணி. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். "அப்பா அம்மா ரெண்டு பேர் கையெழுத்தும் கேப்பாங்க. ஒண்ணு இல்லாட்டியும் திருப்பி அனுப்சிடுவாங்க. ஆறரைக்கு ஆவடி ஸ்டேஷன்ல நில்லுங்க. லேட் பண்ணாதீங்க."

"இவளுக்கு முதுகுல..."

"அக்கா." கலைவாணி குரலைத் தாழ்த்தினாள். "ஹேமநாதன் சார் சொன்னாரு. நீங்க எங்கிட்ட சொல்லாதீங்க. நீங்க சொன்னா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும்."

திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் ஏறும்போது அகல்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பாமல், ஒருக்களித்து ஏறினாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா." சிரித்தாள்.

அனுசுயா முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். ஒரு லாரி, இன்னொரு லாரி. தன் மகள் பொய் சொல்கிறாளா என்று இனி தன்னால் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது என்று பட்டது. அதைவிட மோசமாக ஒன்றும் பட்டது: வலி இல்லை என்று கேட்கத்தான் இத்தனை நாள் அந்தக் கேள்வியையே கேட்டு வந்திருக்கிறோம்.

---

மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு டில்லிபாபு வந்துவிட்டான். கையில் ஒரு பெட்டி. வெள்ளை ஷூ. அகல்யாவின் கால் அளவுக்கு.

"போட்டுப் பாரு அகலு. கடிக்குதான்னு சொல்லு."

அவளைக் குனிய விடாமல், தானே தரையில் உட்கார்ந்து ஷூவை மாட்டி, கயிற்றை முடிந்தான். அவன் தலை மகளின் முழங்கால் உயரத்தில் இருந்தது. வாரிய முடிக்குள் பட்டறை இரும்புத்தூள் மின்னியது. அனுசுயாவுக்கு ஒரு கணம் எல்லாக் கோபமும் வடிந்துபோனது. கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சுலபம்!

படிவத்தில் அவன் கையெழுத்தைப் போட்டு முடித்தான். அதைச் சாப்பாட்டு மேஜையில் அவள் பக்கமாக நகர்த்தி, மேலே பேனாவை வைத்தான்.

'என் மகளுக்கு எலும்பு முறிவோ, பழைய காயமோ, தொடர்ந்த வலியோ எதுவும் இல்லை என உறுதி கூறுகிறேன்.' கீழே இரண்டு கோடுகள். தந்தை. தாய்.

"படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சேன். எல்லாரும் போடறதுதான். இன்னா, கோர்ட்டுல சத்தியமா பண்ணச் சொல்றான்?"

"நழுவிட்டா கால் வராதுன்னு டாக்டர் சொன்னாரு."

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு! மயிரு மாதிரி ஒரு கோடு. அத்த நீயும் பாத்த, நானும் பாத்தேன். கண்ணுக்கே தெரில." அவன் குரல் ஏறியது, பிறகு தானாகவே இறங்கியது. "இன்னிக்கு எகிறினாளாமே. ஹேமநாதன் சாரு போன் பண்ணாரு. அந்த எகிறு எகிறினவளுக்கு இன்னாமே ஆவும்? சொல்லு. அவளுக்கு ஒண்ணும் ஆவல."

கடைசி வார்த்தையை அவளிடம் கெஞ்சலாகச் சொன்னான். மகள் ஆட வேண்டும். நாளைக்கு நாலு பேர் பார்க்க ஓடி, குதித்து, எழுந்து நிற்க வேண்டும். அப்படி நின்றுவிட்டால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லையென்றால் அவனும் ஒன்றும் செய்யவில்லை.

அது புரிந்தபோது, தன்னைப் பற்றியும் ஒன்று அனுசுயாவுக்குப் புரிந்தது. தான் மட்டும் என்ன? இன்றைக்குத் தடுத்துவிட்டால் அன்றைக்குத் தடுக்காதது கழிந்துவிடும் என்று எங்கோ உள்ளே ஒரு கணக்கு ஓடவில்லையா? இந்த மறுப்பில் பிள்ளைக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு? பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பிரித்துப் பார்க்க நேரமும் இல்லை.

"மூணு மாசம் கழிச்சு வேற எதுனா பாக்கலாம்" என்றாள். சொல்லும்போதே அதில் உயிர் இல்லாதது தெரிந்தது.

"எத்த? எத்தப் பாப்ப? நீச்சலா? மத்த புள்ளைங்க அஞ்சு வயசுலேந்து தண்ணில கீதுங்க. பன்னெண்டு வயசுல போயி இவ இன்னா பண்ணுவா, காலக் கழுவிகினு வருவாளா?" டில்லிபாபு சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "நான் சொல்லிட்டேன். காலீல ஆறுக்குக் கெளம்பறோம். நீ போடு."

வெளியே போய் வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

அகல்யா ஷூவோடு வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் உட்காரவில்லை என்று அனுசுயா நினைத்தாள். அதுவும் தப்பாக இருக்கலாம்.

"ம்மா. வலிக்கும்" என்றாள் அகல்யா. சிரிப்பு இல்லை. "பொய் சொல்லல. எகிறும்போது வலிச்சுது. இப்பவும் வலிக்குது."

அனுசுயா நிமிர்ந்தாள்.

"ஆனா பரவால்லம்மா. நான் தாங்குவேன். ஸ்கூல்ல எனக்கு வேற பேரே கிடையாது. கரணம் அகல்யான்னுதான் கூப்புடுவாங்க. படிப்பும் வரல. நான் எதுலயாச்சும் இருக்கணும்மா. வாலிபால் எனக்குப் புடிக்கவே புடிக்கல. அந்தப் பொண்ணுங்கள பாத்தியா, சிரிக்கிறாங்க. ஆனாலும் இருந்துக்கறேன்."

"கண்ணு..."

"ஒரே ஒரு கையெழுத்து."

பேனாவின் மூடியைத் திறந்து அம்மாவின் விரல்களுக்கு நடுவே வைத்தாள். அவள் கை சில்லென்றிருந்தது.

"உன் கையெழுத்து எனக்குப் போடத் தெரியும்மா. ரேங்க் கார்டுல ரெண்டு தடவ போட்டிருக்கேன். மிஸ்ஸுக்கு வித்தியாசமே தெரில." குரல் உடைந்தது. "நானே போட்டுடுவேன். ஆனா நீ போடணும்."

வாசலில் டில்லிபாபு அசையவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அனுசுயா அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஒரு சொல் எழுதும் அளவுக்கு இடம். போட்டால் இந்தப் பெண் இன்றிரவு தன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். போடாவிட்டால் மூன்று மாதம் அதே ஜன்னலோரம், அதே விட்டம்; அதற்குப் பிறகும் சொல்வதற்கு ஒரு பெயர்கூட இல்லை. எந்த ஆட்டம், எந்த மைதானம், யார் சேர்த்துக்கொள்வார்கள், எதுவும் தெரியாது. பிள்ளையின் கையில் கொடுக்க இந்தக் கணத்தில் அவளிடம் ஒன்றுமே இல்லை.

பேனாவை மூடினாள். படிவத்தை மகளின் பக்கமாக நகர்த்தினாள்.

"அப்போ நான் இன்னா ஆவறது?" என்றாள் அகல்யா.

"தெரியல."

"போடும்மா."

"மாட்டேன், கண்ணு" என்றாள் அனுசுயா, மிக மெதுவாக.